கொண்டையில் ஏறாத மல்லிகை

எட்டு நாளாக அழகுத்தாய் தன் ஓரகத்தி முத்துப்பேச்சியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரே வாசல், ஒரே அடுப்படி, ஒரே தண்ணீர்க் குழாய். பேசாமல் இருப்பது அந்த வீட்டில் லேசான காரியம் இல்லை. அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். குடத்தை 'ணங்'கென்று வைத்தால் "குழாயை விட்டு நகரு" என்று அர்த்தம். பாத்திரத்தைக் கவிழ்த்தால் "எனக்குச் சோறு வேண்டாம்" என்று அர்த்தம். இரண்டு பாஷையிலும் அழகுத்தாய் எட்டு நாளில் தேறிவிட்டாள்.

ராஜபாளையத்தில் அந்த வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மூத்தவன் சமுத்திரம் நூல் மில்லில் ஃபிட்டர். அவன் மனைவிதான் அழகுத்தாய். இளையவன் ஐயாதுரை பம்பாயில் ஒரு மிட்டாய்க் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், பொங்கலுக்குத்தான் வருவான். அவன் மனைவி முத்துப்பேச்சி கைப்பிள்ளையோடு இங்கே இருக்கிறாள். எட்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி அழகுத்தாய் பெற்ற பெண்ணுக்கு இப்போது இரண்டரை மாதம். கட்டிக்கொண்டு வந்த ஒன்றரை வருஷத்தில் முத்துப்பேச்சி பெற்ற ஆணுக்கு நாற்பது நாள்.

சண்டை போன வியாழக்கிழமை வந்தது. வன்னியம்பட்டியில் ஒரு துஷ்டி. சாவு வீட்டுக்குப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிப் போக முடியாது என்று அழகுத்தாய் மகளை ஓரகத்தியிடம் விட்டுப்போனாள். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவள், பஸ் நடுவழியில் நின்றுபோனதால் நாலு மணி நேரம் கழித்து வந்தாள். தெருமுனையிலேயே பிள்ளையின் கத்தல் கேட்டது. உள்ளே முத்துப்பேச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தொண்டை கட்டிக் கதறிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, எம்புள்ள கத்துனது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சுக்கா."

"கேட்டும் குடுக்கலையா?"

"டப்பாப் பாலைக் கரைச்சுப் பாலாடையில புகட்டிப் பாத்தேன். துப்பிட்டா."

"டப்பாவா? ஒனக்கு மார் இல்லையாட்டி?"

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் பாலோடு இருந்தால், அழுகிற பிள்ளைக்கு யார் பக்கத்தில் இருக்கிறாளோ அவள் கொடுப்பாள். யார் பெற்றது என்று பார்ப்பதில்லை. சமுத்திரமே சித்தி பால் குடித்து வளர்ந்தவன்தான். அப்படிப்பட்ட வீட்டில் முத்துப்பேச்சி மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். தன் சொந்தப் பிள்ளைக்கும் அவள் மார் கொடுப்பதில்லை. பிறந்த நாளிலிருந்து டப்பாப் பால்தான். அழகு கெட்டுவிடும் என்கிற எண்ணமாக இருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அழகுத்தாய் அதை மறுக்கவில்லை.

அதையாவது மறந்துவிடலாம். மறக்க முடியாதது வேறொன்று இருந்தது.

பூ.

ஒரு மாதமாகச் சமுத்திரம் மில் விட்டு வரும்போது சட்டைப்பைக்குள் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை மறைத்துக் கொண்டுவருகிறான். மல்லிகை. கார்த்திகை மாதத்தில் மல்லிகை! மல்லிகைச் செடிக்கு வெயில்தான் சாப்பாடு. பங்குனி, சித்திரையில் கொட்டோகொட்டென்று கொட்டுகிற செடி, பனி விழ ஆரம்பித்தால் மொட்டுக் கட்டாது. அப்போது சந்தைக்கு வருகிற கைப்பிடிப் பூவுக்கு ஆனைவிலை குதிரைவிலை. கல்யாண வீட்டார் தவிர யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பூவை ஒரு மில் ஃபிட்டர் தினம் வாங்குகிறான். பெண்டாட்டி கையில் கொடுக்கவில்லை. நேராக முத்துப்பேச்சியின் அறை ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போகிறான்.

இன்னும் கேளுங்கள். அந்தப் பூ முத்துப்பேச்சியின் தலையிலும் இல்லை. சாமி படத்திலும் இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் மணக்கிறது. தலையில் வைக்காத பூ ஒரு பெண்ணின் மேல் எங்கேயிருந்து மணக்கும்? இதை யோசித்து யோசித்து அழகுத்தாய்க்கு எட்டு நாளாகத் தூக்கம் இல்லை.

இன்று மறுபடி வியாழக்கிழமை. சமுத்திரம் மில்லுக்கு லீவு போட்டிருந்தான்.

காலை ஒன்பது மணிக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டான். முத்துப்பேச்சி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பியாச்சு?" என்று அழகுத்தாய் கணவனிடம் கேட்டாள்.

"வில்லிபுத்தூருக்கு. தம்பி பிள்ளைக்குத் தடுப்பூசி."

"ராஜபாளையத்துல ஊசி தீந்துபோச்சோ?"

சமுத்திரம் செருப்பைத் தேடினான். வலது காலில் மாட்ட வேண்டியதை இடது காலில் மாட்டினான். பொய் சொல்லிப் பழகாத ஆள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. பழகாத ஆளையே பொய் சொல்ல வைத்துவிட்டாளே!

அவர்கள் தெரு திரும்பியதும் அழகுத்தாய் முத்துப்பேச்சியின் அறைக்குள் போனாள். தப்புத்தான். போனாள். தலையணைக்கு அடியில் ஒரு சின்ன அட்டை இருந்தது. பேர் இல்லை, ஊர் இல்லை. பேனாவால் எழுதியிருந்தது இவ்வளவுதான்: '31. வியாழன், காலை 10. கீழரத வீதி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, மாடி.'

முப்பத்தொன்று. மாடி. நேரம் வேறு.

லாட்ஜு அறைக்குத்தான் இப்படி நம்பர் போடுவார்கள் என்று அழகுத்தாய்க்குப் பட்டது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் சேத்தூர்க்காரி ஒருத்தி, கருத்தம்மாள் என்று பேர், மடியில் ஒரு மூட்டைப் புளியோடு உட்கார்ந்திருந்தாள். அழகுத்தாய்க்கும் பிறந்த ஊர் சேத்தூர்தான். முகம் பார்த்த பழக்கம்.

"எங்க தாயி, ஆண்டாளக் கும்பிடவா?"

"ம்."

"கும்பிடப் போற மூஞ்சியாத் தெரியலையே. யாரையோ கையுங்களவுமாப் பிடிக்கப் போறவ மாரியில்ல இருக்கே!"

அழகுத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிடிச்சா என்ன செய்யணும்னு யோசிச்சு வச்சுக்கோ," என்றாள் கருத்தம்மாள் புளிமூட்டையைச் சரிசெய்தபடி. "நான் எங்க ஆளப் பிடிச்சப்ப யோசிக்காமப் போயிட்டேன். வாய்ல வார்த்தையே வரல. அவன் என்னைப் பாத்து, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டான். நானும் 'சாப்பிட்டேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன். இருவது வருசமா வயிறெரியுது."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அழகுத்தாய் யோசித்தாள். முதலில் அவள் மயிரைப் பிடிப்பது. பிறகு இவர் சட்டையைப் பிடிப்பது. தோளில் பிள்ளை இருக்கிறதே, எந்தக் கையால் பிடிப்பது? அங்கேயே யோசனை நின்றுபோயிற்று.

மாவு மில்லுக்கு எதிரே குறுகலான சந்து. உள்ளே ஒரு பழைய மாடி வீடு. படியேறினால் லாட்ஜு இல்லை. ஒரு கூடம், நீளப் பெஞ்சு, ஏழெட்டுப் பெண்கள், மடியில் பிள்ளைகள். சுவரில் 'தாய் சேய் நல ஆலோசனை' என்று கையால் எழுதி ஒட்டியிருந்த தாள். மூலையில் ஸ்டவ்வில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதற்குள் பாலாடைகள் குதித்துக்கொண்டிருந்தன.

அழகுத்தாய் வாசலிலேயே நின்றாள். ஆஸ்பத்திரி மாதிரிதானே இருக்கிறது?

"முப்பத்தொண்ணு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

பெஞ்சின் கோடியில் சமுத்திரமும் முத்துப்பேச்சியும் எழுந்தார்கள். பிள்ளை சமுத்திரத்தின் தோளில் கிடந்தது. தன் மகளைத் தூக்கினால் கழுத்து ஒடிந்துவிடும் என்று பயப்படுகிறவன், இந்தப் பிள்ளையை எவ்வளவு லாவகமாகத் தோளில் போட்டிருக்கிறான்! பக்கத்திலிருந்த பெண், "ஒங்க வீட்டுக்காரரு ரொம்பப் பொறுப்பு தாயி. எங்க ஆளு இந்தப் படியே ஏறமாட்டாரு," என்று முத்துப்பேச்சியிடம் சொன்னாள். முத்துப்பேச்சி இல்லை என்று சொல்லவில்லை. சமுத்திரமும் சொல்லவில்லை.

அழகுத்தாய் சேலை முந்தியை இழுத்துச் செருகினாள்.

அவர்கள் கதவைத் தாண்டி உள்ளே போனதும் அழகுத்தாய் பின்னாலேயே தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அறையில் ஒரு மேஜை. அதன் பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய நர்ஸ். குறுக்கே ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் சமுத்திரம் சுவரைப் பார்த்து நின்றான். மேஜை மேல் வாழையிலையில் மல்லிகை. வாடி, பழுப்பேறி, நசுங்கிய மல்லிகை. அதன் பக்கத்தில் அழகுத்தாய்க்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாமான்: பேண்டேஜ் துணிச் சுருள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் பேண்டேஜ் கம்பெனியில் அவள் சுற்றிய சுருள்.

"அழகு!" என்றான் சமுத்திரம்.

"சாப்பிட்டேன்," என்றாள் அழகுத்தாய்.

அவன் 'சாப்பிட்டியா' என்று கேட்கவே இல்லை. தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"என்ன நடக்குது இங்க? நல்லாப் பொண்டாட்டி புருசன் மாரி வந்து நிக்கிய! பூவு என்ன, சட்டை என்ன! எனக்கு ஒரு முழம் வாங்கித் தந்திருப்பியளா? ஏட்டி, திரைக்குள்ள என்ன செய்யுத? வாடி வெளிய!"

நர்ஸ் எழுந்தாள். கிருபாபாய் என்று பேர். ஐம்பது வயது, கண்ணாடி. குரலை உயர்த்தாமல் பேசுகிறவள்.

"அம்மா, செத்த வெளியில இருங்க. இங்க வர்றவங்க விஷயத்த அவங்க சம்மதம் இல்லாம நான் யாருக்கும் சொல்ல முடியாது. பெத்த தாயா இருந்தாலும் சொல்ல முடியாது."

"எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அட்டையப் பாத்தேன். முப்பத்தொண்ணு, மாடி. எல்லாம் வெளங்கிருச்சு."

"பேர் போட்டா வீட்டுல யார் கையிலயாவது சிக்கும், விஷயம் வெளிய போகும்னுதான் நம்பர் மட்டும் போடுறோம். பாத்தவங்களுக்கு ஒண்ணும் வெளங்கக்கூடாது."

"எனக்கு ரொம்ப நல்லா வெளங்குச்சு!"

திரை விலகியது. முத்துப்பேச்சி மாராப்பைச் சரிசெய்தபடி வந்தாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். எங்க அக்காதான். நானே சொல்லுதேன்." அழகுத்தாயைப் பார்த்தாள். "அத்தான், நீங்க பிள்ளையோட வெளிய இருங்க."

சமுத்திரம் போனான். முத்துப்பேச்சி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சேலை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அக்கா, நம்ம பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல எழுதிப் போட்டிருக்கும்லா. எய்ட்ஸுன்னு. அந்தக் கிருமி எனக்கு இருக்கு. ஏழாம் மாசம் இங்க இரத்தம் எடுத்தாக. மதுரைக்கு அனுப்பிப் பாத்து, புரட்டாசியில சொன்னாக. பாலு வழியாப் பிள்ளைக்குப் போயிருமாம். அதான் குடுக்கல. எம்புள்ளைக்கும் குடுக்கல. ஒங்க புள்ளைக்கும் குடுக்கல."

அழகுத்தாய் அப்போது ஒன்று செய்தாள். அதை அவள் நினைத்துச் செய்யவில்லை. முத்துப்பேச்சியின் பக்கமாக இருந்த இடது தோளிலிருந்து மகளை வலது தோளுக்கு மாற்றினாள்.

முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிருபாபாயும் பார்த்தாள். ஆனால் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அழகுத்தாயை உட்காரச் சொன்னாள். யாராவது ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது, விளங்கும்வரை விடமாட்டாள்.

"கேளுங்க. தொட்டா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது. ஒரே குழாய்த் தண்ணி, ஒரே பாய், பிள்ளைய முத்தம் குடுக்கிறது, எதுலயும் ஒட்டாது. இரத்தம் இரத்தத்தோட சேரணும், இல்ல புருசன் பெண்சாதி உறவுல போகணும், இல்ல தாய் வழியாப் பிள்ளைக்கு. தாய் வழின்னா வயித்துல இருக்கும்போது, பிறக்கும்போது, பால் குடிக்கும்போது. முத ரெண்டு வழிய அடைக்கிற மாத்திரை பத்திப் பெரிய ஊர்ல பேசிக்கிட்டிருக்காங்க. நமக்கு இன்னும் வந்து சேரல. மூணாவது வழிய அடைக்கிறது இவங்க கையில இருக்கு. அதத்தான் அடைச்சிக்கிட்டிருக்காங்க."

"கொஞ்சம் இதையும் கொஞ்சம் அதையும் குடுத்தா ஆகாதா?" என்று அழகுத்தாய் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்ல கேள்வி. அதுதான் எல்லாத்துலயும் மோசம்னு இப்பச் சொல்றாங்க. டப்பாப் பாலு பச்சைக் குடலோட மெல்லிசுத் தோலை உரசிப் புண்ணாக்கும். அந்தப் புண்ணு வழியா, அடுத்துக் குடிக்கிற தாய்ப்பால்ல இருக்கிற கிருமி சுளுவா நுழைஞ்சிரும். ஒண்ணு முழுக்க இது, இல்ல முழுக்க அது. ஒரு வேளை கூட மாத்தக் கூடாது."

"அப்ப அந்தப் பூ?"

கிருபாபாய் வாடிய மல்லிகையை விரலால் தொட்டாள். "உங்க ஊர் வைத்தியம்தான். பிள்ளை தவறிப்போன தாய்க்குப் பால் வத்துறதுக்கு மாருல மல்லிகைய வச்சுக் கட்டுவாங்களே, தெரியாதா?"

அழகுத்தாய்க்குத் தெரியும். அவள் அத்தைக்குக் கட்டியதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அது பிள்ளை செத்த வீட்டில் செய்கிற காரியம். பிள்ளை உயிரோடு தொட்டிலில் கிடக்கிற வீட்டில் அது எப்படி ஞாபகம் வரும்?

"சோதிச்சே பாத்திருக்காங்க, வேலை செய்யுது. மேல பேண்டேஜால இறுக்கமாக் கட்டச் சொன்னேன். மத்தவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல வத்திரும். எடுக்க எடுக்கத்தான் ஊறும், எடுக்காம விட்டா 'போதும் போல'ன்னு உடம்பு நிறுத்திரும். இவங்களுக்கு நாப்பது நாளாகியும் நிக்கல. காரணம் என்ன தெரியுமா?"

"சிஸ்டர், அது வேண்டாம்," என்றாள் முத்துப்பேச்சி.

"சொல்லுங்க," என்றாள் அழகுத்தாய்.

கிருபாபாய் முத்துப்பேச்சியைப் பார்த்தாள். அவள் தலையசைக்கிறவரை காத்திருந்தாள்.

"பிள்ளை அழுகிற சத்தம் காதுல விழுந்தாலே மாருல பால் இறங்கும். மூளை அப்படி. எந்தப் பிள்ளைன்னு அதுக்குக் கணக்கில்ல. மத்தவங்க வீட்டுல ஒரு பிள்ளை அழுகுது. அதையும் பாலாடையக் காட்டி உடனே அமத்திருவாங்க. இவங்க வீட்டுல ரெண்டு அழுகுது."

அடுத்த கூடத்தில் யாரோ பிள்ளைக்கு ஏப்பம் எடுக்க முதுகைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு..." என்றாள் அழகுத்தாய்.

"அன்னைக்கு நாலு மணி நேரம்க்கா," என்றாள் முத்துப்பேச்சி. "ரவிக்கை, சேலை எல்லாம் நனைஞ்சுபோச்சு. அவ வாசனை பிடிச்சு முட்டுதா. கட்டை அவுத்துத் திருப்பியும் இறுக்கிக் கட்டுனேன். அவ முகத்தப் பாத்தாக் குடுத்துருவேன்னு சுவத்தப் பாத்து உக்காந்தேன்."

அழகுத்தாய்க்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது வேறொரு கேள்வி, அதுவும் கசப்பாகத்தான் வந்தது.

"அவியகிட்டச் சொன்னே. ஏட்டி, ஒரு பொம்பளைக்குப் பொம்பளை, என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"ரிசல்ட்டு வந்தப்ப சிஸ்டர் கேட்டாக, வீட்டுல யாரை நம்பிச் சொல்லுவேன்னு. ஒங்களத்தான் மொதல்ல நெனச்சேன்."

"பொறவு?"

"சங்கையா அண்ணன் செத்தப்ப ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தறி ரிப்பேர் பார்க்கிற சங்கையா. இதே நோய் என்று ஊர் பேசியது. சாவதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் இவர்கள் வீட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்த வெண்கலச் சொம்பை, செய்தி தெரிந்த அன்றே அழகுத்தாய் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாள். கையால் தொடவில்லை. குச்சியால் தள்ளிச் சாக்கில் விழச் செய்தாள். அதைப் பார்த்துக்கொண்டு முத்துப்பேச்சி, அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி, அடுப்படியில் நின்றாள்.

அழகுத்தாய் மகளை மெல்ல இடது தோளுக்கு மாற்றினாள்.

"ஒம்புள்ளைக்கு?" என்று கடைசியில் கேட்டாள்.

"இப்பச் சொல்ல முடியாது," என்றாள் கிருபாபாய். "வெள்ளைத் துணியையும் செவப்புச் சேலையையும் ஒண்ணா ஊறப்போட்டா என்ன ஆகும்?"

"வெள்ளையில சாயம் ஏறும்."

"அப்ப அந்த வெள்ளைத் துணியே செவப்புத் துணின்னு சொல்லலாமா? அலசி அலசிப் பாக்கணும். ஒட்டுன சாயமா இருந்தா நாலு அலசுல போயிரும். துணியோட சொந்தச் சாயம்னா போகாது. நாங்க பாக்கிற பரிசோதனை கிருமிய நேராப் பாக்கிறதில்ல. அது மேல சண்டைக்குப் போக உடம்பு ஒரு பொருள் உண்டாக்கும், அதத்தான் தேடும். தாய் உடம்பு உண்டாக்குனது வயித்துலயே பிள்ளைக்கு ஒட்டிக்கும். அதனால இப்பப் பாத்தா எல்லாப் பிள்ளைக்கும் இருக்குன்னுதான் வரும். பதினெட்டு மாசத்துல அலசி வெளுத்துரும். அப்பப் பாத்தாத்தான் நிசம் தெரியும். பாதிக்கு மேல பிள்ளைங்க தப்பிச்சிருதுங்க. பால் குடுக்காததால இவன் பங்கு இன்னும் கூடும்."

"பதினெட்டு மாசமா!"

"ஆமா. பதினெட்டு மாசம் இவங்க வாயத் தொறக்காம, தெருக்காரங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு டப்பாப் பால் குடுக்கணும். வீட்டுல ஒரு துணை இல்லாம ஆகுற காரியமா அது?"

அழகுத்தாய் முத்துப்பேச்சியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. எட்டு நாளாக அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தாள்.

"ஐயாதுரைக்குத் தெரியுமா?"

"பொங்கலுக்கு வாராவல்லா. நேர்ல சொல்லணும். அவியளும் பாத்துக்கிடணும்."

"அவனுக்கு இருந்து ஒனக்கு வந்துச்சா, இல்ல..."

"அந்தக் கேள்விய நாங்க கேக்கிறதில்ல," என்று கிருபாபாய் இடைமறித்தாள். "கேட்டு ஒரு பிள்ளையும் பிழைச்சதில்ல. நீங்க உங்க பிள்ளைய எங்க பெத்தீங்க?"

"சேத்தூருல, எங்கம்மா வீட்டுல. மருத்துவச்சி பாத்தா."

"அப்ப உங்களுக்கு இந்தப் பரிசோதனை நடந்திருக்காது. வேணும்னா இன்னைக்கே பாக்கலாம். கட்டாயம் இல்ல. பால் குடுக்கிற எல்லாத் தாய்மாருக்கும் இதச் சொல்றேன்."

"எனக்கா! நான் என்ன அப்படியாப்பட்ட..." என்று ஆரம்பித்த அழகுத்தாய், முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கினாள். கையை மேஜை மேல் நீட்டினாள். "எடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மாதம் மல்லிகை வாசனையில் வெந்த மனசு ஒரு மணி நேரத்தில் ஆறிவிடுமா? மூலையில் இன்னும் ஒரு கங்கு கிடந்தது. பூவுக்குக் காரணம் கிடைத்தது. மௌனத்துக்குக் காரணம் கிடைத்தது. ஆனாலும் ஒரு ஆம்பிளை என்றால் முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

"அவியளையும் கூப்பிடுங்க. அவியளுக்கும் சேத்து எடுத்துருங்க. நான் சொன்னாக் கேட்டுக்கிடுவாவ."

சமுத்திரம் தம்பி மகனோடு உள்ளே வந்தான். கிருபாபாய் அழகுத்தாயின் கையில் ரப்பர்க் குழாயைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை ஏற்றினாள். குழலுக்குள் இரத்தம் ஏறுவதை அழகுத்தாய் பார்த்தாள். மாரில் கிடந்த மகள் அந்தக் கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

"அடுத்தது நீங்க," என்றாள் அழகுத்தாய் கணவனிடம். வேடிக்கை போலத்தான் சொன்னாள்.

"எனக்கு வேண்டாம்."

"ஏன்? ஊசின்னாப் பயமா? மில்லுல எம்புட்டு இரும்பு குத்தியிருக்கும்!"

"நான் பாத்தாச்சு."

கிருபாபாய் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

"இங்க இல்ல சிஸ்டர். மதுரையில," என்றான் சமுத்திரம். "ஒண்ணும் இல்லன்னு வந்திருச்சு."

"எப்ப?" என்றாள் அழகுத்தாய்.

அவன் பிள்ளையின் துண்டைச் சரிசெய்தான்.

"எப்பப் பாத்திய?"

"போன வருசம். ஐப்பசியில."

போன வருஷம் ஐப்பசி. முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது இந்த வருஷம் புரட்டாசியில். அப்போது இந்த வீட்டில் யாருக்கும் ஒரு நோயும் இல்லை, யாரும் எந்த அட்டையும் வைத்திருக்கவில்லை. அப்போதுதான் ஒரு நாள் மில் வேலை என்று மதுரைக்குப் போய்விட்டு இரவு சாப்பிடாமல் படுத்தான். அவளுக்கு நினைவிருந்தது.

"ஒண்ணும் இல்லாத ஆளு," என்றாள் அழகுத்தாய், ஒவ்வொரு சொல்லாக, "எதுக்கு மதுரை வரைக்கும் போயிப் பாத்திய?"

சமுத்திரம் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் முத்துப்பேச்சியிடம் போயிற்று. போனது ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி அழகுத்தாய்க்குப் போதும்.

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள்.

"சொல்லிரவா, அத்தான்?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! இதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதது, நேற்று வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கிருபாபாய் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். "கையை மடக்கிக்கோங்க அம்மா, இரத்தம் வரும்."

அழகுத்தாய் கையை மடக்கவில்லை. பஞ்சு சிவந்து கொண்டே வந்தது.

"நீ சொல்லாத," என்றாள் முத்துப்பேச்சியிடம். குரலில் கோபம் இல்லை; அதனால்தான் சமுத்திரத்துக்குப் பயம் வந்தது. "அவிய சொல்லட்டும்."

சமுத்திரம் பிள்ளையை முத்துப்பேச்சியின் கையில் கொடுத்தான். போய்க் கதவைச் சாத்தினான். "ஒரு தடவ சங்கையாவோட நானும் அந்த மாரி எடத்துக்குப் போனேன், அழகு," என்றான்.